ஊர்தியும் இருக்கையும்

(விவேக் நகரில், சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு ஒன்றும், பட்டிமன்றம் ஒன்றும், சிறுவர் நாடகம் ஒன்றும் இருப்பது நம் போன்ற சங்கங்களின் மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, நாற்காலியையும் வண்டியையும் பற்றிப் பேச நாம் முன்வந்திருக்கிறோம். கம்பனும் இளங்கோவும் வீற்றிருக்கும் மேடையில் நாற்காலிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக் கூடும். நாற்காலி இன்றேல் வீற்றிருத்தலே இல்லை என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம்.

இன்று பெங்களூர்க் கடைவீதிகளில் ‘மினிமலிஸ்ட்’ என்றொரு சொல் பெரிதாக அடிபடுகிறது. மிகையை எல்லாம் நீக்கி, வேண்டுவதை மட்டும் வைத்துச் செய்த பொருள் என்பது அதன் கருத்து. பூவேலை இல்லாத கட்டில், கைப்பிடி தெரியாத அலமாரி, பொத்தான்கள் மறைந்த ஸ்கூட்டர் ஆகியவை அப்பெயரில் விற்கப்படுகின்றன. நீக்கியவற்றுக்கும் சேர்த்து விலை வாங்குகிறார்களோ என்று ஐயுறும் அளவுக்கு அவற்றின் விலையும் இருக்கிறது. நம் பகுதியின் வீடுகளோ ஒரு கூடமும் இரண்டு அறைகளுமாக நெருங்கி நிற்பவை. “இடமில்லாதவன் வீட்டில் என்றைக்கும் மினிமலிசந்தான்” என்று நம்மவர் நகைப்பதில் நியாயம் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளில் சிலர் இக்கலையைப் பட்டப் படிப்பாகவே பயிலத் தொடங்கிவிட்டனர். இந்திய அறிவியல் கழகத்தில் 1998 முதற்கொண்டே பொருள் வடிவமைப்புக்கெனத் தனித்துறை இயங்கி வருகிறது. ஆகவே நகைத்து ஒதுக்குவதற்கு முன் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

இந்திய அரசு இத்துறையில் கருத்தூன்றியது 1958ஆம் ஆண்டில். அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களாகிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியரை வரவழைத்து அறிக்கை ஒன்று கேட்டது. அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. நாற்காலி செய்வதில் உலகப் புகழ் பெற்ற அவ்விருவரும் இந்தியாவில் கண்ட பொருள்களுள் தலைசிறந்ததாகப் போற்றியது நாற்காலியை அன்று, சாதாரணச் சொம்பைத்தான். நிறைந்தபோது தலையிலும் இடுப்பிலும் எப்படி நிற்கிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, கழுவக் கை உள்ளே செல்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து வியந்தனர். தனி ஒருவர் வரைந்த வடிவம் அன்று அது. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் தேறிய வடிவம்.

சொம்பைக் கண்டவர்கள் நம் சமையலறைக்குள் இன்னும் இரண்டடி எடுத்து வைத்திருந்தால் அரிவாள்மணையையும் கண்டிருப்பார்கள்! ஒரு பலகை, ஒரு இரும்பலகு, அவ்வளவே. கத்தியால் அரிவதானால் ஒரு கை கத்தியையும் மறுகை காயையும் பற்ற வேண்டும். அரிவாள்மணையிலோ அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. இரு கைகளும் காய்க்கே உரியவை. பலகையை அசையாமல் பிடித்துக்கொள்வது எது? அமர்ந்திருப்பவரின் உடற்பாரம். ஆணியும் திருகும் செய்யவேண்டிய வேலையை அமர்தல் என்னும் செயலே செய்துவிடுகிறது. அலகின் நுனியிற் பல் வைத்துவிட்டால் தேங்காய்த் துருவலும் ஆயிற்று. இருக்கையும் கருவியும் ஒன்றேயான பொருள் இது. தூளியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒரு பழம்புடவையும் உத்தரத்து வளையமும் போதும். குழந்தையின் உடல் எவ்வடிவமோ அவ்வடிவமே தொட்டிலின் வடிவம்.

இவற்றைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்வது இயல்பு. ஆயினும் பெருமையோடு நின்றுவிடுதல் தகாது. அரிவாள்மணை தரையில் அமரும் முழங்காலைக் கேட்கிறது. எழுபது வயதில் அம்முழங்கால் மறுக்கிறது. நின்று சமைக்கும் மேடை வந்தபின் மணை பரணுக்கு ஏறியதற்கு நாகரிக மோகம் ஒன்றே காரணம் என்று நம் வீட்டுப் பெண்மக்களைக் குறை கூறுதல் முறையாகாது; கூறுவோர் பெரும்பாலும் அதில் அமர்ந்திராதவர்கள்.

ஊர்திகளுள் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது கட்டுமரம். நீரில் எளிதில் மிதக்கும் மென்மரத் துண்டுகள் சில. அவற்றைப் பிணைக்கும் கயிறு. ஆணி இல்லை, கீல் இல்லை, மேல்தளம் இல்லை. உள்ளே ஏறும் நீர் இடுக்கு வழியே தானே இறங்கிப்போகும். ஆகலின் இறைக்க வேண்டா. கவிழ்ந்தாலும் மூழ்காது. அலை உடையும் கரையில் மோதினாலும் பிளப்பதற்குப் பலகை இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்திவிடுவர். நீர் ஊறிய மரம் மறுநாள் கனக்குமன்றோ? இச்சொல் ஆங்கிலம் வரை சென்று, இன்று அங்கே இரட்டை உடற் படகைக் குறிக்கிறது. பொருள் மாறினாலும் பெயர் நம்முடையதே. எனினும் கட்டுமரத்தில் ஒன்று குறைந்திருந்தது: நீரைத் தடுக்கும் சுவர். அச்சுவர் இல்லாமையால் நேர்ந்த ஈரம் எங்கே போயிற்று? விடியல்தொறும் மீனவனின் காலிலும் இடுப்பிலும் ஏறிற்று. பைபர் படகு வந்தபோது நம் கடற்கரையின் மீனவர் பலர் அதற்கு மாறியதில் வியப்பில்லை.

இதனை நாம் வேண்டுமென்றே விரித்துரைத்தோம். ஒரு பொருளிலிருந்து எதை நீக்கினாலும், நீக்கப்பட்டதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். சில வேளைகளில் அவ்வேலையே தேவையற்றதாகிவிடும். அது சிறந்த அமைப்பு. சில வேளைகளில் அது பயன்படுத்துபவர் முதுகிலோ, வேறு யார் முதுகிலோ ஏறிவிடும். குறைத்தது எங்கே போயிற்று என்னும் கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு இனி வரும் பொருள்களைப் பார்ப்போம்.

மேனாட்டில் இரண்டே காட்சிகள். வியன்னா நகரத்து மைக்கேல் தோனெட் என்பார் 1859இல் ஒரு நாற்காலி செய்தார். நீராவியில் மரத்தை வளைத்து, ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள் கொண்டு முடித்தார். முப்பத்தாறு நாற்காலிகளைப் பிரித்து ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றலாம். மூட்டுகளில் தச்சர் செலவிட்ட உழைப்பை வளைவு ஏற்றுக்கொண்டது. அடுத்து, 1925இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த மார்செல் பிராயர் தம் மிதிவண்டியின் கைப்பிடியை உற்று நோக்கினார். இத்தனை மெல்லிய எஃகுக் குழாய் ஒரு மனிதனின் பாரத்தைத் தாங்குமானால் நாற்காலியை ஏன் தாங்காது என்று எண்ணினார். எஃகுக் குழாய் நாற்காலி பிறந்தது அவ்வாறு. ஊர்தி இருக்கைக்குத் தாய் ஆன கதை இது. ஊர்தியையும் இருக்கையையும் நாம் ஒரு தலைப்பில் இணைத்ததற்கும் இதுவே காரணம். ஊர்தி என்பது ஓடும் இருக்கை அன்றி வேறென்ன?

ஓடும் இருக்கை என்றதும் குடிபெயர்ந்து வாழும் நம் போன்றோர்க்கு முதலில் தோன்றுவது ரயில் பெட்டி. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் நம் முந்தைய தலைமுறையினரைச் சொந்த ஊர் சேர்த்தது அதுவே. அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம்.

பழைய பெட்டிகள் கட்டை வண்டியின் முறையில் அமைந்தவை. கீழே கனத்த இரும்புச் சட்டம். அதன்மேல் மரத்தால் ஆன கூடு. பாரம் முழுவதையும் சட்டம் சுமக்கும். கூடு வெறும் மறைப்பே. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் கூட்டுக்குள் பாய்ந்துவிடும், உயிர்ச்சேதம் மிகும். இந்நிலையை மாற்ற ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயனாகச் சென்னைப் பெரம்பூரில் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு 1955 அக்டோபர் 2ஆம் நாள் திறந்துவைத்தார். அங்கே செய்த பெட்டியில் தனிச் சட்டம் நீங்கிற்று. தரையும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, முட்டையின் ஓடு போல, மூங்கிற் குழாய் போல, உடல் முழுதும் பாரத்தைப் பகிர்ந்துகொண்டது. நீங்கிய இரும்பின் வேலை யார் முதுகிலும் ஏறவில்லை. முன்பு சும்மா நின்ற சுவரும் கூரையும் வேலை செய்யத் தொடங்கின! எடை குறைந்தது, பாதுகாப்பு மிகுந்தது. நம் பெங்களூரிலும் விமானத் தொழிற்சாலை போர் முடிந்தபின் ரயில் பெட்டிகளைக் கட்டிற்று. அப்பணி 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

ஆயினும் அன்பர்களே, அத்துணைச் சிறந்த பெட்டியின் உள்ளே ஏழைப் பயணி எதன்மேல் படுத்தான்? வெறும் மரப்பலகையின்மேல். ஒரே பெட்டியில் இரண்டு குறைப்புகள்! சட்டத்தைக் குறைத்தது பொறியியல் அறிவு. மெத்தையைக் குறைத்தது, டிக்கெட்டின் விலையைக் கொண்டு மனித உடம்பை அளந்த மனப்பான்மை. முன்னதன் சுமை மறைந்தது. பின்னதன் சுமை இரவு முழுவதும் பயணியின் முதுகெலும்பில் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் எளிமை போலவே தோன்றும். இரண்டையும் ஒரு பெயரால் அழைப்பது பெரும் பிழை என்பதே நம் கருத்து.

1974இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் ஒழிந்தது, பலகை ஒழியவில்லை. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே அவர்கள்தாம் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை இடும் ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தார். இரண்டே அங்குலம்! முதல் வகுப்பின் சொகுசை அவர் கொணரவில்லை. பலகைக்கும் உறக்கத்துக்கும் இடையே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை வைத்தார். வடிவமைப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்கத்தக்க அளவு அது. சிக்கனத்தை இதைவிடச் செவ்விதாகச் செய்து காட்டியவர் அரியர் என்றே சொல்வோம்.

பெரம்பூரின் அப்பழைய வகைப் பெட்டி 2018 ஜனவரியில் தன் கடைசி எண்ணிக்கையோடு விடைபெற்றது. அதே ஆண்டில் அதே தொழிற்சாலை வந்தே பாரத் வண்டியைக் கட்டி முடித்தது. அதில் நீங்கியது எஞ்சின்! இழுக்கும் மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பகிர்ந்து வைக்கப்பட்டன. முனையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டும் வேலையே இல்லாமற் போயிற்று. 2022 நவம்பரில் சென்னையிலிருந்து பெங்களூர் வழியே மைசூருக்கு ஓடத் தொடங்கிய வண்டியில் இதனை நம்மவர் நேரிற் காணலாயினர். கட்டணம் எல்லோர்க்கும் எட்டுகிறதா என்பது வேறு வழக்கு.

சுமை எப்போதும் மனிதன்மேல்தான் ஏறும் என்பதில்லை. நம் கட்டை வண்டி பார்வைக்கு எத்துணை எளியது! இரண்டு சக்கரம், ஒரு ஏர்க்கால், ஒரு நுகத்தடி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய என். எஸ். ராமசாமி அவர்கள், மேலாண்மை நூல்களை மட்டும் பேசியிராமல், இவ்வண்டியை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நுகத்தடியின் எளிமை மாட்டின் கழுத்தில் புண்ணாக நின்றதை அவர் சுட்டிக் காட்டினார். நல்ல நுகம், சரியான பாரச் சமநிலை, உராய்வு குறைந்த சக்கரம் ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். இங்கே கூட்டுவதே திருத்தமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். மாடு தன் குறையை எழுதி அனுப்பாது. ஆகையால் நூற்றாண்டுக் கணக்கில் அவ்வண்டி குறையற்றதாக எண்ணப்பட்டது.

அண்டையிலுள்ள ஓசூருக்கு வருவோம். 1980இல் அங்கிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே நின்ற வண்டி அது. கியர் இல்லை. மிதித்துக் கிளப்பலாம். இருவர் ஏறலாம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டியைப் பாருங்கள்: கால்களுக்கு இடையே வெறும் தளம், அங்கே அரிசி மூட்டையும் நிற்கும், எரிவாயு உருளையும் நிற்கும், பள்ளிப் பிள்ளையும் நிற்கும். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் பால் கேன்களுக்கு இடம். அழகுப் போட்டியில் எவரும் அதற்குப் பரிசளிக்க மாட்டார். ஆயினும் காய்கறிக் கூடையும் துணி மூட்டையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்பவர்க்கு, அவ்வண்டியில் இல்லாத ஒவ்வொன்றும் தம் சரக்குக்குக் கிடைத்த இடம். பழுதானால் மரத்தடி மெக்கானிக்கே பார்த்துவிடுவார். நம்மைக் கேட்டால், இந்நாட்டு மினிமலிசத்தின் தலையாய ஊர்தி இதுவே என்போம். பிறர் வேறு கூறலாம்.

பெங்களூரே ஈன்ற ரேவா என்னும் மின்சாரக் கார் 2001இல் விற்பனைக்கு வந்தது. எட்டு மின்கலங்கள், குழாய்ச் சட்டம், அதன்மேல் பிளாஸ்டிக் தகடுகள், இரண்டே கதவுகள். நெரிசலான நம் தெருக்களில் அதனை நிறுத்த அரை இடம் போதும். லண்டன் மாநகரிலும் ஜி-விஸ் என்னும் பெயரில் ஓடிற்று. ஆனால் அங்கே சட்டத்தின் கண்ணில் அது கார் அன்று. நாற்சக்கர இலகு வண்டி என்னும் வகை. ஆகவே கார்களுக்குரிய மோதற் சோதனை அதற்குக் கட்டாயமாகவில்லை; பின்னர்ப் பாதுகாப்பைப் பற்றிக் கடுங் கண்டனம் எழுந்தது. எடையைக் குறைத்த இடத்தில் என்ன குறைந்தது என்பதை மோதும் வரை காண இயலாது. 2012இல் அதன் உற்பத்தி நின்றது. பிற்பாடு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இரு இளைஞர்கள் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் ஸ்கூட்டர் 2018இல் இந்நகரிலேயே முதலில் ஓடத் தொடங்கியது. இவ்வகை வண்டிகளில் புகைக்குழல் இல்லை, எண்ணெய் இல்லை, இரைச்சல் இல்லை; மெய்யான குறைப்புகள் இவை. அவற்றோடு மரத்தடி மெக்கானிக்குக்கு வேலையும் இல்லை. நம் பகுதியில் அத்தொழிலால் வாழும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவர்கள் இப்புதிய தொழிலைக் கற்க ஒரு மாலை வகுப்பை நடத்துவது குறித்துச் சங்கம் சிந்திக்கலாம்.

இறுதியாக, இவ்வேளையில் நம் அனைவரையும் தாங்கிக்கொண்டிருக்கும் பொருளுக்கு வருவோம்: பிளாஸ்டிக் நாற்காலி. 1972இல் பிரான்சு நாட்டு ஹென்றி மாசொனே என்பார் இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று என்னும் விரைவில் ஒரே வார்ப்பாக நாற்காலி செய்து காட்டினார். மூட்டு இல்லை, திருகு இல்லை, ஆணி இல்லை. தோனெட்டின் ஆறு துண்டுகள் ஒன்றாகிவிட்டன! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், மழையில் நனையலாம், சிறுவனும் தூக்கலாம். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்குக் கூட்டம் வருகிறதே, கோயில் திருவிழாக்களுக்குப் பந்தல் எழுகிறதே, இழவு வீட்டு வாசலில் ஊரார் கூடுகின்றனரே, அங்கெல்லாம் மேல்சாதி கீழ்சாதி, முதலாளி தொழிலாளி என்னும் வேறுபாடின்றி எல்லாரையும் ஒரே உயரத்தில் அமர்த்தியது இந்நாற்காலி. அதற்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் நம் கேள்வியை இதனிடமும் கேட்போம். வழவழப்பான தரையில் பின்கால் விரிகிறது. ஊன்றி எழும் முதியவர் அஞ்சுகிறார். ஒரு கால் கீறிவிட்டால் ஒட்டுவதற்கு வழியில்லை. மூட்டே இல்லாத பொருளுக்கு ஏது மூட்டுவேலை? பிரம்பு நாற்காலி அறுந்தால் பின்னித் தர ஆள் இருந்தார். மரநாற்காலி ஆடினால் தச்சர் ஆப்பு வைத்தார். இதுவோ முழுதாகக் குப்பைக்குப் போகிறது. அதனைச் சுமந்து பிரிப்பவர் யார் என்பதை நாம் அறிவோம்.

சங்கத்தின் வாசகசாலைக்கு இவ்வாண்டு இருபது நாற்காலிகள் வாங்கக் குழு எண்ணியிருப்பதாக அறிகிறோம். அழகிய படங்கள் கொண்ட விலைப்பட்டியல்களும் வந்துள்ளன. அவற்றுள் கைப்பிடி இல்லாதவையே மிகுதி. பார்வைக்கு ஒல்லியாகவும் இருக்கின்றன. வாசகசாலைக்கு நாள்தோறும் வருபவரோ ஓய்வு பெற்ற பெரியவர்கள். நாளிதழை முடித்து எழும்போது அவர்தம் கைக்கு ஊன்றுகோல் நாற்காலியின் கைப்பிடியே. ஆகவே நம் வேண்டுகோள் சிறியது. வாங்குமுன் இரண்டு மாதிரிகளைக் கொணர்ந்து ஒரு வாரம் வாசகசாலையில் போட்டுவைக்க வேண்டும். பெரியவர் இருவரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவரும், தினமும் அதனை நகர்த்திப் பெருக்கும் அம்மையாரும் பயன்படுத்திப் பார்க்கட்டும். கால் உடைந்தால் நம் தெருத் தச்சரால் மாற்ற இயலுமா என்று அவரையே அழைத்துக் கேட்போம். இதற்கு இசையும் கடை எது என்று இளைஞர் பிரிவினர் விசாரித்துச் சொல்வார்களாயின், உடன் வர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.